பிள்ளைக்கு மல்லாட்டை கொடுக்கலாம், அரைத்து

திமிரியைச் சுற்றி மல்லாட்டை (வேர்க்கடலை) போடாத கொல்லை குறைவு. பிடுங்கிக் காய வைக்கிற நாட்களில் திண்ணை, தாழ்வாரம் எல்லாம் பருப்பும் தோலும்தான். 'மூணு வயசு வரைக்கும் பிள்ளை கண்ணுலயே காட்டாதே' என்பவர்கள் முதலில் தங்கள் வீட்டுத் தாழ்வாரத்தைப் பெருக்கட்டும்.

என் மூத்தவனுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். அன்று வேலையில் இருந்தேன். ஓடி விளையாடிக்கொண்டிருந்தவன் வாயில் நாத்தனார் வறுத்த பருப்பை முழுசாகப் போட்டிருக்கிறார். புரை ஏறி, முகம் நீலம் பாரித்து, இருமி, அடங்கிவிட்டதாம். எனக்குச் சொல்லவே இல்லை. பிறகு இருமல் நிற்கவில்லை என்றதும், 'கடலை தின்ன கையோட தண்ணி குடிச்சான், அதான்' என்றார்கள். தெருவே அதை ஒப்புக்கொண்டது. மருந்துக்கடை சிரப், கிளினிக்கில் நெபுலைசர், எக்ஸ்ரே பார்த்து 'நெஞ்சு சுத்தமா இருக்கு' என்ற பதில். மல்லாட்டைப் பருப்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேலூரில் ஒரு டாக்டரம்மாதான், 'இருமல் வர்றதுக்கு முன்னாடி என்ன தின்னான்?' என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டு, வலது பக்கத்திலிருந்து பாதிப் பருப்பை எடுத்தார்கள். வலது குழாய் அகலம், நேராகவும் இறங்கும். பெரும்பாலும் அங்கேதான் போய் விழுமாம். பருப்பில் இருக்கிற எண்ணெய் உள்ளே புண்ணாக்கிச் சளி கட்டியிருந்தது. பருப்பு உள்ளே போனது ஒரு நொடியில். தண்ணீர் மேல் பழி போட்டதில்தான் பிள்ளை அத்தனை நாள் அவதிப்பட்டான். புரை ஏறி அடங்கிய பிள்ளைக்கு அப்புறம் இருமலோ வீசிங்கோ வந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக அந்தப் புரையைச் சொல்லுங்கள். மூச்சே வராமல் திணறினால் 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறப் போட்டு முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்து என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவக் கூடாது. இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

மூத்தவனுக்கு இப்படி ஆனதற்கப்புறம் வீட்டில் மல்லாட்டைக்கே தடை. இளையவள் பிறந்ததும் நான் அதை மீறினேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே 2000-ல் ஒவ்வாமை ஆபத்துள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை வேண்டாம் என்று சொல்லி, 2008-ல் அதை விட்டுவிட்டார்கள். லண்டனில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. கடலையைத் தவிர்த்த பிள்ளைகளில் ஐந்து வயதில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை. சின்ன வயதிலிருந்தே தின்றவர்களில் 3.2. அத்தையிடம் இதைச் சொன்னேன். 'லண்டன்காரனுக்கு என்ன தெரியும்' என்றார்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. ஆறு மாதம் முடிந்து கஞ்சி பழகியதும், வறுத்துத் தோல் நீக்கிய பருப்பை மிக்ஸியில் மைய அரைத்து, அதில் கால் ஸ்பூன் எடுத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தேன். உப்பு, சர்க்கரை வேண்டாம். கெட்டி விழுதாகக் கொடுத்தால் அதுவே தொண்டையில் ஒட்டும். காய்ச்சல், சளி இல்லாத நாளாக, காலையில் கொடுங்கள். ஓரிரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம். மூச்சு இழுத்தாலோ பிள்ளை துவண்டாலோ 108. ஒத்துக்கொண்டால் விட்டுவிடாமல் வாரம் மூன்று தடவையாவது தொடருங்கள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளை என்றால், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது.

முழுப் பருப்பு ஐந்து வயது வரை எங்கள் வீட்டில் கிடையாது. நாத்தனார் வந்தால் அவர் பையை நானே வாங்கிப் பிரித்துப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்கிறார். கொள்ளட்டும்.