ரோல் பாருக்காகக் கழற்றிய பின் இருக்கை: ஆர்.சி.யைக் காப்பாற்ற முடியுமா?

கேள்விச் சுருக்கம்: சென்னையில் பதிவான நான்கு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட வாசகர், பிறகு கோவைக்குக் குடிபெயர்ந்தார். பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் முகவரியை மாற்றவில்லை. டிராக் பந்தயத்துக்காகப் பட்டறையில் பின் இருக்கையைக் கழற்றி, போல்ட் மூலம் ரோல் பார் பொருத்தினார். சாலைச் சோதனையில் மோட்டார் வாகன ஆய்வாளர் சோதனை அறிக்கை கொடுத்தார். விளக்கம் கேட்ட நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிற்று. பதிவை இடைநிறுத்திய உத்தரவின் தேதி மூன்றரை மாதத்துக்கு முந்தையது. பழைய வீட்டுக்காரர் மூலம் அது கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பந்தயத்தில் தொழில்நுட்பப் பரிசோதகர்கள் ஏற்ற கம்பி, உயிரைக் காக்கும் கம்பி, எப்படிக் குற்றமாகும் என்பது கேள்வி.

பதில்: 402 மீட்டர் நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்தில், முழு வேகத்தில் டயர் பிடி விட்டால் கார் புரளக்கூடும். அப்போது கூரை ஓட்டுநரின் தலைமேல் நசுங்காமல் தாங்குவது ரோல் பார். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகள், 11.49 விநாடி அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் தூரத்தைக் கடக்கும் கார்களுக்குப் பொதுவாக இதைக் கட்டாயமாக்கியுள்ளன. திறந்த கூரைக் கார் என்றால் 13.49 விநாடியிலேயே கட்டாயம். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளின்படி முதன்மை வளைவுக்கான குழாய் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் கொண்டிருக்க வேண்டும். காலடித் தகடு 3 மி.மீ. தடிப்பில் குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பு இருக்க வேண்டும். இவ்வளவு கறாரான விதிகளை நிறைவு செய்த கம்பியைப் பாதுகாப்பு என்று வாசகர் நம்பியதில் தவறில்லை. ஆனால் அந்த விதிகள் பந்தயத் தடத்துக்கானவை. பரிசோதகர் தரும் ஒப்புதல் அன்றைய பந்தயத்தோடு முடிகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது.

வழக்கைத் தீர்மானிப்பது ஆர்.சி.யின் ஒரே ஒரு வரி: இருக்கைகளின் எண்ணிக்கை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் நான்கு இருக்கை. சாலையில் பிடிபட்ட காரில் இரண்டு. இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் சொல்ல வழியில்லை. கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை அப்படியே கண்டிப்பாகப் படித்தது. அதற்கு எதிராக மாநில விதியைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

இருக்கையைத் தொடாமல் கம்பியை மட்டும் பொருத்தியிருந்தால் வாதாட இடம் இருந்திருக்கும். ஆர்.சி.யில் ரோல் பாருக்கென்று கட்டம் எதுவும் இல்லை. அந்த வாதத்தையும் முழுமையாக நம்ப முடியாது. காரின் முன்புறம் பொருத்தும் புல் பார்களை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இதே 52ஆம் பிரிவின் கீழ் கொண்டுவந்து, நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. பாதுகாப்புக்கு என்ற காரணத்தைத்தான் புல் பார் வைத்தவர்களும் சொன்னார்கள். தவிர, தடத்தில் ஹெல்மெட்டோடு இருப்பவருக்குக் காவலாக நிற்கும் இரும்புக் குழாய், சாலையில் வெறுந்தலையோடு ஓட்டுபவரின் மண்டையில் மோதக்கூடியது. பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை உள்ள காரில் அது விரியும் வழியையும் கம்பி மறிக்கலாம். ஆய்வாளர் இதைச் சொன்னால் மறுப்பது கடினம்.

தண்டனை 182ஏ(4) பிரிவில் உள்ளது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பி ஒன்று, இருக்கை ஒன்று எனத் தனித்தனியாகக் கணக்கிட இடமுண்டு. அபராதம் கட்டிவிட்டால் மாற்றம் சட்டப்படி ஏற்கப்பட்டதாகிவிடாது. பட்டறைகளில் அப்படிச் சொல்லி அனுப்புவது தவறான ஆலோசனை.

இனி தாமதம். இந்தக் கார் சிக்கலில் மாட்டியதற்குக் கம்பி எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் உரிமையாளரின் அலட்சியம். குடிமாறினால் 30 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது 49ஆம் பிரிவு. அதைச் செய்திருந்தால் நோட்டீஸ் கைக்கே வந்திருக்கும். இருக்கையைத் திரும்பப் பொருத்திக் காட்டி விவகாரத்தை அங்கேயே முடித்திருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும் என்று 53ஆம் பிரிவே சொல்வதால், நோட்டீஸ் வரவில்லை என்ற குறையில் பெரிய பலன் இல்லை. அடுத்தது மேல்முறையீடு. 57ஆம் பிரிவு தரும் அவகாசம், உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாள். கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணினாலும் அது கடந்துவிட்டது. உத்தரவு வந்த தபால் உறை இல்லை, பட்டறை ரசீது இல்லை, கழற்றிய இருக்கை எங்கே என்ற தகவலும் கடிதத்தில் இல்லை. உறை கையில் இல்லாதவர் எந்த நாளில் உத்தரவைப் பெற்றார் என்று எதைக் கொண்டு நிரூபிப்பார்? அரசு முத்திரையுள்ள எந்தத் தாளையும், அது வந்த உறையோடு சேர்த்துத் தேதி குறித்துப் பத்திரப்படுத்துவது வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கடமை.

இன்னும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. வாசகர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இடைநிறுத்தம் தடையின்றி ஆறு மாதம் நீடித்தால் 54ஆம் பிரிவின்படி பதிவையே ரத்து செய்யலாம். மீதி இருப்பது இரண்டரை மாதம்.

நல்வாய்ப்பாக 53ஆம் பிரிவிலேயே வழி உண்டு. குறைபாட்டுக்காகச் செய்த இடைநிறுத்தம், அதிகாரி திருப்தி அடையும்படி குறை சரிசெய்யப்படும் வரைதான். போல்ட்டில் நிற்கும் கம்பியைக் கழற்றலாம். தரைத் தகட்டின் துளைகளை முறையாக அடைத்து, அந்த மாடலுக்குரிய பின் இருக்கையையும் சீட் பெல்ட்டையும் திரும்பப் பொருத்த வேண்டும். ரசீதும் முன்பின் படங்களும் இணைத்து மறு ஆய்வு கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். பட்டறைக்கோ ஆய்வுக்கோ காரை ஓட்டிச் செல்லக் கூடாது. பதிவு இடைநிறுத்தப்பட்ட வாகனம் பொது இடத்தில் ஓடுவதை 39ஆம் பிரிவு தடுக்கிறது. ரெக்கவரி வண்டியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். முகவரி மாற்றத்தையும் இத்தோடு முடித்துவிடுவது நல்லது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, தனியார் கார் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்குகிறது. மூன்றாம் நபர் வழக்கிலும் அதை எதிர்வாதமாக வைக்க 150ஆம் பிரிவு காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் தருகிறது. பொதுச் சாலையில் அரசின் எழுத்து அனுமதியின்றிப் பந்தயம் விட்டால் 189ஆம் பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை கிடைக்கலாம். பந்தய ஆர்வம் விடாது என்றால், அதற்கென வேறு காரை வைத்து, இருங்காட்டுக்கோட்டை போன்ற மூடிய தடத்துக்கு லாரியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பான வழி.

இந்தப் பதில் கடிதத்தில் கண்ட விவரங்களை மட்டும் கொண்டது. உத்தரவின் வாசகத்தைப் பார்க்காமல் முடிவான கருத்து கூற இயலாது. ஆர்.சி., சோதனை அறிக்கை, இடைநிறுத்த உத்தரவு, காப்பீட்டுப் பாலிசி ஆகியவற்றோடு வாசகர் இந்த வாரமே மோட்டார் வாகன வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரை நேரில் சந்திக்க வேண்டும்.