சிறு படகில் எதிரொலிக் கருவி: மீன் காட்டியைப் பொருத்தும் முறையும் மின்சாரம் அளிக்கும் முறையும்

மீன்பிடித் தொழிலில் வலையை வீசும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலையாகும். நீரின் நிறம், மேலெழும் குமிழிகள், தாழப் பறக்கும் பறவைகள் ஆகியவற்றைக் கண்டே மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இடத்தைத் தீர்மானித்து வந்தனர். ஆனால் தென்னாட்டு ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் நீர் பெரும்பாலும் கலங்கியிருப்பதால், ஒரு முழ ஆழத்துக்குக் கீழே கண்ணால் எதையும் காண இயலாது. ஒளி செல்ல முடியாத இந்நீரில் ஒலி தடையின்றிச் செல்லும். இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டு அமைந்ததே மீன் காட்டி எனப்படும் எதிரொலிக் கருவி.

முன்னர் பெரிய கப்பல்களில் மட்டுமே இடம்பெற்ற இக்கருவி, இப்பொழுது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒருவர் மட்டுமே அமர்ந்து துடுப்பால் செலுத்தும் கயாக் படகிலும், காவிரி நீர்த்தேக்கங்களில் மீனவர் பயன்படுத்தும் பரிசலிலும் இதனைப் பொருத்தலாம். ஆயினும் பொருத்தும் முறையில் பிழை நேர்ந்தால் செலவிட்ட பணம் வீணாவதோடு, படகுக்கே ஆபத்து விளையவும் கூடும். ஆகவே இதன் தத்துவத்தை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

ஒலியால் ஆழம் அளத்தல்

நீரில் ஒலியின் வேகத்தை 1826ஆம் ஆண்டில் கொலாடன், ஸ்டர்ம் என்ற இருவர் ஜெனீவா ஏரியில் அளந்தனர். நீருக்குள் மணி அடித்த அதே கணத்தில் வெளிச்சம் காட்டி, பல கிலோமீட்டர் தூரத்தில் ஒலி வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டனர். அவர்கள் கண்ட வேகம் வினாடிக்குச் சுமார் 1,435 மீட்டர். குளிர்ந்த ஏரி நீருக்கு இது மிகவும் பொருத்தமான அளவே. 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நன்னீரில் இவ்வேகம் வினாடிக்குச் சுமார் 1,497 மீட்டர். காற்றில் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

படகின் அடியிலிருந்து ஓர் ஒலித் துடிப்பை அனுப்பினால், அது தரையில் மோதித் திரும்பும். சென்று மீண்ட நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, அதாவது ஏறக்குறைய 36.6 மீட்டர். அவ்வளவு ஆழமான இடத்தில் ஒலி சென்று திரும்பச் சுமார் 49 மில்லி வினாடி போதும். இதனால் ஒரு வினாடியில் பல துடிப்புகளை அனுப்பி, படகு நகர நகர அடித்தரையின் உருவத்தைத் திரையில் தொடர்ந்து வரைய முடிகிறது.

துடிப்பை உண்டாக்குவது டிரான்ஸ்டியூசர் எனப்படும் ஒலிமாற்றி. சில ஸ்படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். அத்தகைய பொருளுக்கு மின்சாரம் அளித்தால் அது அதிரும். மின்சாரத்தை ஒலியாகவும், திரும்பி வரும் ஒலியை மின்சாரமாகவும் ஒரே வில்லை மாற்றுகிறது. முதல் உலகப் போரின்போது பிரான்சில் லாஞ்செவின் இம்முறையை நீருக்கடியில் பயன்படுத்தினார். 1948இல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவியை வணிக முறையில் வெளியிட்டனர்.

பெங்களூருக்கும் இத்துறையில் சிறப்பான தொடர்பு உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு 1933இல் வந்த சர். சி. வி. ராமன், நாகேந்திர நாத்துடன் சேர்ந்து 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஒரு கொள்கையை வெளியிட்டார். செவிக்குக் கேளாத உயர் அதிர்வெண் ஒலியலைகள் பரவும் திரவத்தின் ஊடே செல்லும் ஒளிக்கதிர் ஏன் பல கிளைகளாகப் பிரிகிறது என்பதை அக்கொள்கை விளக்கியது. 1954இல் இந்நகரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடம் வடிவமைத்த சோனார் கருவிகளைக் கப்பல்களுக்காகத் தயாரித்துள்ளது. கப்பலின் சோனாருக்கும் கயாக்கின் சிறு கருவிக்கும் தத்துவம் ஒன்றே.

மீன் எவ்வாறு தெரிகிறது

மீனின் தசை ஏறக்குறைய நீரைப் போன்றதே; ஆகையால் அது ஒலியை அதிகமாகத் திருப்புவதில்லை. மீனின் வயிற்றினுள் உள்ள காற்றுப்பைதான் வலிமையான எதிரொலியைத் தருகிறது. நீரிலிருந்து காற்றை எட்டும் ஒலி முழுவதும் என்று சொல்லத்தக்க அளவில் திரும்பிவிடும். இவ்வுண்மையை வாசகர் மனத்தில் இருத்துதல் வேண்டும். கருவியைப் பொருத்தும்போது நேரும் தோல்விகளுக்கும் இதுவே காரணம். மீனின் காற்றைக் காட்டும் கருவி, படகின் அடியில் சிக்கிய காற்றுக் குமிழியையும் விடுவதில்லை.

ஒலி ஒரு கூம்பு வடிவில் கீழே பரவுகிறது. 200 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அக்கூம்பின் கோணம் பல கருவிகளில் சுமார் 20 டிகிரி. 3 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 1 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தையே பார்க்கும். 10 மீட்டரில் 3.5 மீட்டர், 30 மீட்டரில் பத்தரை மீட்டர். 50 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி ஆழத்துக்குச் செல்ல வல்லது. ஆனால் நுட்பம் குறைவு. நம் ஏரிகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் 200 கிலோ ஹெர்ட்ஸே ஏற்றது.

இதிலிருந்து முக்கியமான ஒரு முடிவு பெறப்படுகிறது. பெங்களூரு நகர ஏரிகளில் பல, சில மீட்டர் ஆழமே உள்ளவை. அங்கு இக்கருவி ஆழத்தையும் சேற்றையும் நீர்ச்செடிகளையும் காட்டுமேயன்றி, மீனைத் தேடுவதற்கு அதிகம் உதவாது. கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் போன்ற ஆழமான நீர்த்தேக்கங்களிலேயே அதன் முழுப் பயனும் கிட்டும்.

எந்தப் படகுக்கு எந்த முறை

ஒலிமாற்றியைப் பொருத்த மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, படகின் உட்புறத்தில் அடித்தகட்டோடு ஒட்டி, தகட்டின் ஊடாகவே ஒலியைச் செலுத்துவது. துளையிட வேண்டாத காரணத்தால் இது பாதுகாப்பானது. கயாக்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பாக உருக்கிச் செய்தவை. அத்தகடு திடமானதாயின் ஒலி, சிறிது வலிமை குன்றினாலும், ஊடுருவும். கண்ணாடி இழைப் படகிலும் இவ்வாறே. ஆனால் இரு தகடுகளுக்கிடையே நுரைப்பொருளோ மரமோ வைத்துச் செய்த அடித்தளத்தில் இம்முறை பயன்படாது. நுரையிலுள்ள காற்று ஒலியைத் தடுத்துவிடும். நீரின் வெப்பத்தை அளக்கும் பகுதியும் உள்ளிருந்து சரியாக வேலை செய்யாது.

இரண்டாவது, நீர் வடிவதற்காகக் கயாக்கிலேயே அமைந்துள்ள துளையில் அடிப்புறமாகப் பொருத்துவது. இதில் ஒலிமாற்றி நேரடியாக நீரைத் தொடும். ஆயினும் கரையில் இழுக்கும்போது அது கல்லில் உராயாதபடி குழிவினுள் அடங்கியிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, படகின் பக்கத்தில் ஒரு கழியைக் கட்டி, அதன் நுனியில் ஒலிமாற்றியை நீருக்குள் தாழ்த்துவது. பரிசலுக்கு இதுவே தகுந்த வழி. மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னி, மேலே தோலோ பிளாஸ்டிக் விரிப்போ போர்த்திய பரிசலின் அடியில், பின்னலுக்கும் போர்வைக்கும் இடையே காற்று நிறைந்திருக்கும். உள்ளிருந்து அனுப்பும் ஒலி வெளியே செல்லாது. கழியை எளிதில் தூக்கக்கூடியதாக அமைத்தால் கரை சேரும்போதும் பாறை தென்படும்போதும் சேதம் தவிர்க்கலாம். பரிசல் சுழலும் இயல்புடையதாதலால் கம்பியைத் துடுப்பில் சிக்காதபடி கட்டுதல் அவசியம்.

உட்புறம் ஒட்டும் முறை

1. இடம் தேர்தல்: படகின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால், தகடு சமமாகவும் நீருக்குள் எப்போதும் அமிழ்ந்தும் இருக்கும் இடமே சிறந்தது.

2. சோதனை: ஒட்டுவதற்கு முன் அவ்விடத்தில் சிறிது நீர் ஊற்றி, அதில் ஒலிமாற்றியை வைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்த ஆழமும் திரையின் ஆழமும் ஒத்திருப்பின் இடம் ஏற்றது. ஒலிமாற்றி நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

3. தூய்மை: அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, நன்கு உலர்த்த வேண்டும்.

4. ஒட்டுதல்: படகுகளுக்குரிய பசையைத் தாராளமாக இட்டு, ஒலிமாற்றியைச் சிறிது திருகியவாறு அழுத்தினால் குமிழிகள் வெளியேறும். பாலிஎத்திலீனில் எப்பசையும் எளிதில் பிடிக்காது. ஆகவே சிலர் நுரைப் பஞ்சால் ஒரு வளையம் செய்து ஒட்டி, அதனுள் ஒலிமாற்றியை இருத்தி, இடைவெளியை நீரால் நிரப்புகின்றனர். கழற்றவும் இது வசதியானது.

5. உலர்தல்: பசை முற்றும் இறுகும்வரை, குறைந்தது ஒரு நாள், படகை அசைக்கலாகாது.

மின்சாரக் கணக்கு

சிறிய மீன் காட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குகின்றன. ஒரு கருவி 0.6 ஆம்பியர் மின்சாரத்தை எடுப்பதாகக் கொண்டால், 8 மணி நேர வேலைக்கு 4.8 ஆம்பியர் மணி தேவை.

அடைத்த ஈய அமில பாட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் விரைவில் குறையும். 7 ஆம்பியர் மணி பாட்டரியில் பயன்படுவது 3.5 மட்டுமே, அது ஆறு மணி நேரத்துக்கும் போதாது. எனவே 12 ஆம்பியர் மணி அளவுள்ளது வேண்டும். இதன் எடை நான்கு கிலோவை நெருங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தலாம். 6 ஆம்பியர் மணி கணக்குக்குச் சரியாகும். சற்றுக் கூடுதலாக 7 வாங்குவது நல்லது. எடை சுமார் ஒரு கிலோவே. விலை அதிகமாயினும் கயாக்கில் எடை குறைவது சமநிலைக்குப் பெரிதும் உதவும். எந்த பாட்டரிக்கும் அதற்கென அமைந்த சார்ஜரையே உபயோகிக்க வேண்டும்.

சூரிய ஒளிப் பலகையால் மின்னேற்றவும் கூடும். மேற்கூறிய வேலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 58 வாட் மணி ஆற்றல் செலவாகும். 20 வாட் பலகை, நல்ல வெயிலுக்கு ஈடான நாலரை மணி நேரத்தில், இழப்புகள் போகச் சுமார் 63 வாட் மணி தரும். மேகமூட்டமுள்ள பருவமழை மாதங்களில் இதை நம்பியிருத்தல் தகாது.

பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் அமைத்தல் கட்டாயம். கருவியின் கையேடு குறிப்பிடும் அளவே, பெரும்பாலும் 3 ஆம்பியர், போதுமானது. ஃபியூஸ் இல்லாத கம்பி ஈரத்தாலோ உராய்வாலோ குறுக்கே தொட்டுவிட்டால், பாட்டரியின் முழு மின்னோட்டமும் பாய்ந்து கம்பி பழுக்கக் காயும். பிளாஸ்டிக் படகு தீப்பற்றவும் கூடும்.

கம்பியின் பருமனையும் கவனிக்க வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்குப் போகவும் வரவும் 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இட்டால், மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே இறங்கும். 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பியிலோ 0.3 வோல்ட் இறங்கும். பாட்டரி தளரும் வேளையில் இந்த வித்தியாசமே கருவியை அணைத்துவிடப் போதும். பாட்டரியை நீர் புகாத பெட்டியில் இட்டு, படகின் நடுக்கோட்டில் தாழ்வாக, கவிழ்ந்தாலும் நகராதபடி பட்டையால் கட்ட வேண்டும். தகட்டில் கம்பிக்காகத் துளையிட நேர்ந்தால், இறுக்கும் அடைப்பானைப் பொருத்தாமல் படகை நீரில் இறக்கலாகாது. உட்புறம் புகும் நீர் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்து, பாதி ஏரியில் படகைக் கவிழ்த்துவிடும்.

திரையைப் படித்தல்

படகு நகர்கையில் கூம்பின் ஓரத்தில் நுழையும் மீன் சற்றுத் தூரத்திலும், நடுவில் வரும்போது அண்மையிலும், பின்னர் மீண்டும் தூரத்திலும் இருப்பதால் திரையில் வில் போன்ற கோடு தோன்றும். படகு நின்றிருந்து மீனும் அசையாதிருந்தால் வில் தோன்றாது. நீண்ட நேர்க்கோடே தோன்றும். அதனைக் கழியோ செடியோ என எண்ணி விட்டுவிடுதல் தவறு.

நீர்மேல் மட்டத்தில் உலவும் கட்லா, படகின் நிழலைக் கண்டே விலகிவிடும். கூம்பும் அங்கு மிகக் குறுகியது. அடித்தரையில் மேயும் மிருகால், தரையின் எதிரொலியோடு கலந்து மறையும். ஒரு துடிப்பு 0.1 மில்லி வினாடி நீடித்தால், தரையிலிருந்து ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டருக்குள் உள்ள மீனைத் தனியே பிரித்துக் காண இயலாது. ஆதலால் திரை வெறுமையாக இருப்பதைக்கொண்டு நீரில் மீனே இல்லை என முடிவு செய்தல் பொருந்தாது. மாறாக, அழுகும் சேற்றிலிருந்து எழும் வாயுக் குமிழிகள் மீன்போல் தோன்றி ஏமாற்றும்.

மீனைக் காட்டுவதைவிட, நீரில் மூழ்கிய அடிமரங்களையும் பாறைகளையும் பழைய ஆற்றின் பள்ளத்தையும் காட்டுவதே பரிசல் மீனவருக்கு இக்கருவி செய்யும் பேருதவி. வலை கிழியாமல் காப்பது ஒரு நாளின் வருமானத்தையே காப்பதாகும்.

கவனிக்க வேண்டுவன

ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் படகு விடவும் மீன் பிடிக்கவும் உரிய அனுமதி பெறுதல் வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் கெண்டை இனங்கள் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும். அப்போது அவை கூடும் இடங்களைக் கருவியால் கண்டு பிடிப்பது அடுத்த ஆண்டின் மீனையும் சேர்த்து அழிப்பதாகும். மிதவைச் சட்டையின்றி எவரும் படகேறலாகாது. வேலை முடிந்ததும் பாட்டரியைத் துண்டித்து, முனைகளை உலர்த்தி, முழு மின்னேற்றம் செய்து வைப்பின் கருவி பல ஆண்டுகள் பயன் தரும்.