குடிபெயர்வோரும் அயல்வீட்டுப் பூனையும்

மருதமுனை தொடங்கி நிந்தவூர் ஈறாகக் கடலோரத்தில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்களில், பூனை என்பது ஒரு வீட்டுக்குரிய பிராணியாக இருப்பதைவிட ஓர் ஒழுங்கைக்குரிய பிராணியாக இருப்பதே வழக்கம். ஒரு வளவிலே பிறந்து, அடுத்த வளவின் மதிலிலே வெயில் காய்ந்து, சூடை மீனும் கீரி மீனும் ஆய்கின்ற நேரம் பார்த்து மூன்றாவது வீட்டுக் கிணற்றடியில் வந்து காத்திருக்கும் அந்த ஜீவனை, இது யாருடையது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டிய அவசியம், அதற்கு நாள்தோறும் சோறு வைத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த ஒழுங்கையை விட்டுக் குடிபெயர உத்தேசிக்கும்போதுதான் உண்டாகிறது.

எனக்கு அவ்வாறு உண்டாயிற்று. உத்தியோகத்தின் பொருட்டு நெடுங்காலம் சாய்ந்தமருதில் வாடகை வீட்டில் இருந்த நாங்கள், என் மனைவியின் தாயார் நோயுற்றபடியால் சம்மாந்துறையிலுள்ள அவளுடைய சீதன வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. அயல் வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன: ஒன்று காது கிழிந்த கிழக் கடுவன், மற்றது வளர்ச்சி முற்றாத ஒரு பெட்டை. அவற்றை ஆசையோடு வளர்த்த மகன் கட்டாருக்குத் தொழிலுக்குப் போய்விட்டார். தாயாரோ முழங்கால் வருத்தத்தால் குசினிவரை நடப்பதற்கே சுவரைப் பிடிப்பவர். விலா எலும்பு தெரியும்படி மெலிந்திருந்த அந்தப் பூனைகளைக் கண்டு, பராமரிக்க மனமில்லாதவர்கள் ஏன் வளர்க்கிறார்கள் என்று ஒழுங்கையில் பேசிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் மனமின்மையால் வரும் புறக்கணிப்பு வேறு, இயலாமையால் வரும் புறக்கணிப்பு வேறு என்பதையும், கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் வீடுகளிலே முதலில் வாடுவது இந்த வாயில்லா ஜீவன்களே என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறருடைய பிராணி மெலிந்திருக்கிறது என்பதற்காக, கேளாமல் அதனை எடுத்துச் செல்வது தர்மமாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். நோக்கம் கருணையாக இருந்தாலும் உரியவரின் ஹக் உரியவரிடமே இருக்கிறது. சம்மதம் வாங்காமல் செய்யப்படும் கருணை, அயலவர் இருவருக்கிடையே காலமெல்லாம் ஆறாத ஒரு மனத்தாங்கலை விட்டுச் செல்லக்கூடியது. ஆகையால், சாமான்களைக் கட்டத் தொடங்குவதற்கு வெகு முன்னதாகவே ஓர் அஸருக்குப் பின் அந்த வீட்டுக்குச் சென்று, "ராத்தா, பூனைகளை என்ன செய்யலாம்?" என்று நேராகவே கேட்டேன். "எனக்கு எழும்பி நடக்கவே ஏலாமக் கிடக்கு தம்பி, அதுகள எப்படிப் பாக்கிற? நீங்கதானே சோறு வைக்கிற, கொண்டு போங்க" என்றார் அவர். அத்துடன் அமையாமல், கட்டாரிலிருந்த மகனிடமும் தொலைபேசியில் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "பெட்டைய கொண்டு போங்க சேர். கடுவன் ராவையில உம்மாட காலடியிலதான் படுக்கிற, அத மட்டும் விடுங்க" என்றார்.

அவர் கேட்டுக்கொண்ட அந்த ஒன்று, என்னுடைய உத்தேசம் முழுவதையும் மாற்றிவிட்டது. அதுவரையில் நான், நம் கையால் உண்ணும் பூனை நமக்கு உரியதாகிவிட்டது என்றே எண்ணியிருந்தவர்களில் ஒருவன். பூனை எங்கே உண்கிறது என்பதைக் கொண்டு அதன் பந்தத்தை அளக்க முடியாது. பசி அதனை எந்த வாசலுக்கும் அழைத்துச் செல்லும். இரவிலே, வேறு வேலை ஒன்றும் இல்லாத நேரத்தில், அது தானாக எங்கே போய்ப் படுக்கிறது என்பதைக் கவனித்தால் அதன் மனம் ஏறத்தாழப் புலப்படும். கடுவன் எங்கள் குசினியில் தின்றுவிட்டு அந்தத் தாயாரின் கட்டிலடிக்குப் போயிற்று. பெட்டையோ எங்கள் விறாந்தையிலுள்ள சாக்குக் கட்டிலேயே விடியும்வரை கிடந்தது. ஆதலால் கடுவன் அங்கேயே இருப்பதென்றும், பெட்டை எங்களோடு வருவதென்றும் முடிவு செய்தோம். தனிமையில் இருக்கும் ஒரு வயோதிபரின் காலடியிலிருந்து அந்தச் சிறு வெப்பத்தைப் பிரித்துக்கொண்டு போவதை, பூனையின் வயிற்றை மாத்திரம் பார்த்துக் கருணையென்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. கடுவனின் உணவுக்கு, ஒழுங்கைக்கு வரும் மீன் வியாபாரியிடம் மாதத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்து, எதிர் வீட்டுப் பிள்ளையிடம் அதனை அவித்து வைக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தோம். விட்டுச் செல்வதாயின் இப்படி ஆளும் பொருளும் குறித்து விட்டுச் செல்ல வேண்டும். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுவது, நாம் பார்க்க வேண்டிய பங்கை அவன்மேல் சாட்டுவதாகும்.

பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறும் அந்தச் செய்தியில், அவள்மீது சுமத்தப்பட்ட குற்றம் இருபாற்பட்டது: தானும் உணவளிக்கவில்லை, தானே பூமியில் இரை தேடிக்கொள்ளும்படி அதனைத் திறந்துவிடவும் இல்லை. இதனைச் சிந்திப்போர்க்கு இரண்டு விஷயங்கள் தெளிவாகும். அலைந்து இரை தேடத்தக்க பூனையை அது பழகிய இடத்திலேயே விட்டுச் செல்வது அந்தக் குற்றத்தில் சேராது. ஆனால், தொல்லை நீங்கட்டும் என்று பூனையையும் குட்டிகளையும் சாக்கில் கட்டி, வழி தெரியாத சந்தையடியிலோ மீன் வாடிக்கருகிலோ கொட்டிவிட்டு வருகின்ற வழக்கம் அதற்கு மிக அண்மையில் நிற்கிறது, ஏனெனில் எந்த மூலையில் தண்ணீர், எந்த மூலையில் நாய் என்று அறியாத இடத்தில் விடப்பட்ட பிராணிக்கு அந்தத் திறந்த வெளியும் ஓர் அடைப்பே.

தூரம் குறைவாயிருந்தால் பூனையைக் கொண்டு செல்வது இலகு என்று பலர் நினைக்கிறார்கள். வாஸ்தவத்தில் குறைந்த தூரமே அபாயம் மிகுந்தது. காரைதீவுச் சந்தியில் திரும்பி, மாவடிப்பள்ளி வயல்வெளியைக் கடந்தால் சம்மாந்துறை வந்துவிடுகிறது. பழைய வீட்டின் திசையை நினைவில் கொண்ட பூனை அந்த வயலையும் வீதியையும் கடந்து திரும்பிவிட முயலும், வழியில் வாகனத்துக்கோ நாய்க்கோ வெள்ளத்துக்கோ இரையாகும். சுனாமிக்குப் பின், வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று 2005இல் அறிவிக்கப்பட்டு, குடும்பங்கள் உள்ளே உள்ளே நகர்ந்த காலத்தில், கரையோரத்து வெற்று அத்திவாரங்களின்மேல் வந்து படுத்துக் கிடந்த பூனைகளைக் கண்ட ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. மனிதர் கூப்பன் வாங்கவும் கூடாரம் தேடவும் போயிருந்தார்கள். அவை வீட்டைத் தேடி வந்திருந்தன.

ஆகவே புதிய வீட்டில் இரண்டு மூன்று வாரமாவது பூனையை வெளியே விடலாகாது. முதலில் ஓர் அறை, பிறகு வீடு, கடைசியாக வளவு என்று படிப்படியாகவே அதற்குத் திறந்து கொடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குக் குடிபோவதே மரபு. புதுமாப்பிள்ளைக்கு அந்த வீட்டின் வாசலும் வழக்கமும் பழகும்வரை நாம் காட்டுகின்ற பொறுமையையே இதற்கும் காட்டினால் போதும். கொண்டு செல்லும்போது சாக்கைத் தவிர்த்து, பழக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டி, அது படுத்த சாக்குத் துண்டையே உள்ளே விரித்து, மேலே ஒரு துணியைப் போட்டு ஓட்டோவில் வைத்தோம். அந்தச் சாக்கின் மணமே புதிய அறையில் அதற்கு முதற் சுற்றமாயிற்று.

அடைத்து வைக்கும் நாட்களில் உணவு முழுவதும் நம் பொறுப்பாகிறது. சோற்றில் ஆணம் ஊற்றி வைத்தால் போதும் என்ற நம்பிக்கை பிழையானது. டோரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தானே ஆக்கிக்கொள்ளாது, மீன் இறைச்சியிலிருந்தே பெற வேண்டும். அது குறைந்தால் கண்பார்வை கெடும் என்று 1975இலும், இதயம் பலவீனமடையும் என்று 1987இலும் ஆய்வாளர்கள் நிறுவினர். ஆணத்திலுள்ள வெங்காயமோ பூனையின் இரத்தத்தைப் பாதிக்கின்ற நஞ்சு. சூடை போன்ற சிறு மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் கொடுத்தால் தயமின் என்ற விட்டமின் அழிந்துபோகும். ஆகையால் உப்பின்றி அவித்து, முள் நீக்கிக் கொடுப்பதே உத்தமம். இன்னொன்றை மிக வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: காய்ச்சல் என்று எண்ணிப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு மருந்தான அந்த ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

வீட்டார் எழுப்பிய ஆட்சேபனைகள் இரண்டு. ஒன்று சுத்தம் பற்றியது. வுழூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது நபித்தோழர் அபூ கதாதா அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், பூனை அசுத்தமானதன்று என்று நபிகளார் கூறியதாக எடுத்துரைத்ததையும் என் மாமியாரே நினைவுபடுத்தி அதனைத் தீர்த்துவைத்தார். மற்றது, கர்ப்பிணியாயிருந்த எங்கள் மகளைப் பற்றியது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. பூனையின் மலத்தால் பரவக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி கருவைப் பாதிக்கவல்லது. ஆயினும் மலத்தில் வெளியேறி ஒரு நாளாவது கழிந்த பின்னரே அது தொற்றும் நிலையை அடைவதால், மண் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்து, கர்ப்பிணி அதனைத் தொடாதிருந்தால் அபாயம் வெகுவாகக் குறையும். விசர் நோய்த் தடுப்பூசியையும், மூன்று மாதம் நிரம்பிய பூனைக்கு ஏற்றி, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுத் தாமதமின்றி அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக் கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். கருத்தடைச் சத்திரசிகிச்சை மார்க்கத்தில் ஆகுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் விளக்கம் கேட்ட பின்னரே மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றோம். சந்தையடியில் கொட்டப்பட்டுக் கத்திக்கொண்டு கிடக்கும் குட்டிகளைக் கண்டவன் என்ற முறையில், அது செய்யத்தக்கதே என்பது என் தீர்மானம்.

இந்த ஆண்டு வீடு மாற நிச்சயித்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் வாசலில் உண்ணும் அயல்வீட்டுப் பூனையைப் பற்றி, திகதி குறித்த அன்றே அதன் சொந்தக்காரரிடம் போய்க் கேளுங்கள். குடிபெயருமுன் கருத்தடை செய்வதாயின், அந்தச் சத்திரசிகிச்சைக் காயம் ஆறுவதற்கே இரண்டு வாரம் வேண்டும். லொறி வந்து நிற்கும் காலையில் கேட்பதற்கு நேரம் இராது.