படிப்பவர் கையில் திறக்கட்டும்

கண்ணு, நீ இந்த வேலைக்கு வந்திருக்கிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. ஆண்டறிக்கை, பயிற்சிக் கையேடு, மின்னூல் என்று உன் மேசையிலிருந்து போகும் கோப்புகளில் எல்லாம் இணைப்புகள் இருக்கும். சிலர் அவற்றைக் கணினியில் திறப்பார்கள், பலர் கைபேசியில். எங்கே தொட்டாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். நுணுக்கங்களை நீ சீக்கிரம் பிடித்துக்கொள்வாய். அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டிய குணத்தைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1. கோப்பைப் பெறுகிறவரை முதலில் நினைத்துக்கொள். கிராமங்களில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்காக ஒரு கையேடு செய்தோம். பெரிய திரையில் பார்த்துப் பார்த்து அடுக்கினோம். அவர்களோ அதை வாட்ஸ்அப்பில் வந்த கையோடு, பேருந்தில் நின்றபடி, ஒற்றைக் கட்டைவிரலால் திறந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கோப்பைத் தொடங்கினாலும் அந்தப் பேருந்துதான் எனக்கு நினைவுக்கு வரும். உனக்கும் அப்படி ஒரு முகம் மனதில் இருக்கட்டும்.

2. இணைப்பில் முழு முகவரியைக் கொடு. புதிதாக வருகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். உன் கணினியில் இருக்கும் இன்னொரு கோப்பைத் தேர்ந்தெடுத்து இணைப்பாக வைத்தால், உள்ளே பதிவாவது பெரும்பாலும் 'சி' டிரைவில் தொடங்கும் ஒரு பாதை. அல்லது அலுவலகத்தில் எல்லோரும் பகிரும் 'இசட்' டிரைவின் பாதை. கைபேசியில் சியும் கிடையாது, இசட்டும் கிடையாது. "பிள்ளையார் கோயிலை ஒட்டிய பச்சைக் கதவு வீடு" என்று மட்டும் உறையில் எழுதி வெளியூரிலிருந்து கடிதம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் வேண்டாமா? இணையத்தில் அந்த முழு முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும்.

ஓர் ஆண்டறிக்கையில் எல்லா இணைப்புகளும் இப்படி உள்பாதைகளாகவே போய்விட்டன. நிதி கொடுத்தவர்களால் ஒரு சான்றையும் திறக்க முடியவில்லை. எதையோ மறைக்கிறார்கள் என்று ஐயப்பட்டார்கள். தயாரித்த பையன் நேர்மையானவன், கெட்டிக்காரன். அவன் மேசையில் எல்லாம் திறந்ததால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. தன் மேசையே உலகம் என்று நம்புகிறவனை அந்த மேசையே ஏமாற்றிவிடும், கண்ணு.

3. துணைக் கோப்புகள் கூடவே வரும் என்று நம்பாதே. ஒரே ஃபோல்டரில் பத்துக் கோப்புகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுத்திருப்பாய். கணினியில் ஃபோல்டரோடு நகலெடுத்துப் போனால் அவை வேலை செய்யும். ஆனால் வாட்ஸ்அப்பில் போவது ஒரே ஒரு கோப்பு. அதன் உடன்பிறப்புகள் உன்னிடமே நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கு, அல்லது துணைக் கோப்புகளை இணையத்தில் ஏற்றி அவற்றின் முகவரியைக் கொடு.

மின்னூல் செய்யும்போது மட்டும் உள்ளுக்குள் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளைத் தவிர்க்க முடியாது. அப்போது கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் பொறுமை காட்டு. விண்டோஸ் பொதுவாக ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் ஓடும் சர்வர்கள் இரண்டையும் வேறு வேறு பெயராகப் பார்க்கும். எல்லாம் சிறிய எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல், ஃபோல்டரையும் கோப்பையும் பிரிக்க முன்சாய்ந்த கோட்டோடு (/) இருந்தால் எங்கும் தங்கும். கடைசிக் கட்டத்தில் படங்கள் எல்லாம் காணாமல் போய், ஒரே ஓர் எழுத்துக்காக ஒரு குழு முழுவதும் இரவெல்லாம் விழித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

4. தமிழில் எழுதுகிற நமக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. நம்முடைய ஒவ்வொரு குறியீடும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. முகவரியில் அது விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் முகவரியை நகலெடுத்து ஒட்டிப் பார், ஒரு பத்தி நிறையும். அது மின்னஞ்சலிலோ பிடிஎஃப்பிலோ வரி மடங்கும் இடத்தில் முறிந்து, முதல் வரி மட்டும் இணைப்பாக நிற்கும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. முகவரியை எழுதி, அதன் வாலில் 'இல்', 'ஐ' என்று ஒட்டி எழுதுவது நம் வழக்கம். அந்த உருபையும் முகவரியின் பகுதியாக விழுங்கிவிடும் செயலிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முகவரியை வெளியே காட்டாமல், ஒரு தமிழ்த் தொடரின் மேல் இணைப்பை வை. காட்டியே ஆக வேண்டும் என்றால் தனி வரியில், முற்றுப்புள்ளிகூட இல்லாமல் வை.

5. அந்தத் தொடர் உண்மையைச் சொல்லட்டும். 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாதே. கணினியில் மவுஸை மேலே கொண்டுபோனால் எங்கே போகும் என்று தெரியும். கைபேசியில் அழுத்திப் பிடித்தால்தான் தெரியும், அதை எத்தனை பேர் செய்வார்கள்? பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாக ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பதுண்டு. என்னோடு பணியாற்றிய பார்வையற்ற நண்பர் ஒருவர் அப்படிக் கேட்கும்போது பக்கத்தில் இருந்தேன். 'இங்கே, இங்கே, இங்கே' என்றே அது சொல்லிக்கொண்டு போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை; எனக்குத்தான் தாங்கவில்லை. '2024 தணிக்கை அறிக்கை, பிடிஎஃப், 12 எம்பி' என்று எழுதினால், மாதக் கடைசியில் டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர் திறப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

6. விரலுக்கு இடம் விடு. 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் நெறிகள், தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கட்டும் என்கின்றன. ஆப்பிள் 44 பாயிண்ட் கேட்கிறது, ஆண்ட்ராய்டு 48 டிபி (dp). வரிக்குள் வரும் இணைப்புக்கு டபிள்யூசிஏஜி விலக்குத் தருகிறது. நீ அந்த விலக்கில் சாய்ந்துகொள்ளாதே. அடுத்தடுத்த வரிகளில் இணைப்புகளை நெருக்கினால் நடுங்கும் கைகள் தவறான கதவைத்தான் தட்டும்.

7. தொலைபேசி எண்ணை இணைப்பாக்கும்போது +91 சேர்த்துக்கொள்; உன் வாசகர் சிங்கப்பூரிலும் இருக்கலாம். எண்ணைக் கண்ணுக்குத் தெரியும்படியும் எழுது. கணினியில் படிப்பவர் அதைப் பார்த்துத்தான் கைபேசியில் அழுத்துவார்.

8. கடைசி நேர அவசரத்துக்கு இடம் கொடுக்காதே. வேர்டில் எழுதியதைப் பிடிஎஃப் ஆக்க இரண்டு வழிகள் உண்டு. அவசரத்தில் அச்சிடும் கட்டளை வழியாகப் போனால் பக்கம் அப்படியே வரும்; ஆனால் நீல நிறமும் அடிக்கோடும் மட்டும் மிஞ்சி, இணைப்பு பெரும்பாலும் உயிரிழந்துவிடும். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் கட்டளை வழியாகப் போனால் உயிரோடு வரும். அப்போதே தலைப்புகளைப் புக்மார்க் ஆக்கும் தேர்வையும் குறித்துவிடு. நீண்ட கோப்பைக் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் போகிறவருக்கு அது பெரிய உதவி. கோப்பைச் சுருக்கினாலும், வேறொன்றோடு இணைத்தாலும், மறுபடி முதலிலிருந்து சோதி.

9. கதவைத் திறந்து வைத்துவிட்டு அழை. கூகுள் டிரைவில் ஏற்றிய கோப்பு, நீ மாற்றும்வரை உனக்கு மட்டுமே திறக்கும். உன் கணக்கில் நீ உள்ளே இருப்பதால் உனக்கு அது தெரியாது. தேர்வுக்கு முந்திய இரவில் பாடக் குறிப்புகளை அனுப்பிவிட்டுத் தூங்கப்போன ஓர் ஆசிரியரை அறிவேன். விடிந்து பார்த்தால் அனுமதி கேட்டுப் பிள்ளைகள் அனுப்பிய மடல்கள் குவிந்து கிடந்தன. பிரௌசரின் தனிப்பட்ட சாளரத்தில், யாராகவும் உள்நுழையாமல், ஒருமுறை திறந்து பார். பார்க்க மட்டும் அனுமதி கொடு. பதற்றத்தில் திருத்தும் உரிமையையும் ஊருக்கே கொடுத்துவிடாதே.

10. கொடுத்த முகவரியைக் காப்பாற்று. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஒருமுறை வெளியிட்ட முகவரியைப் பல ஆண்டுகளுக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று 1998லேயே வற்புறுத்தி எழுதினார். நாம் கேட்கவில்லை. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் இல்லாமல் போனதாகப் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய இணைப்புகளில் பாதியளவு, குறிப்பிட்ட சான்றைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் கண்டார்கள். நீதிமன்றத்துக்கே அந்த நிலை என்றால் நம் கையேடுகளை நினைத்துப் பார்.

சுருக்க முகவரிகளிடம் இன்னும் எச்சரிக்கையாக இரு. கூகுளின் சுருக்க முகவரிச் சேவை 2019இல் புதியவற்றை உருவாக்குவதை நிறுத்தியது. யாரும் தொடாமல் கிடந்த பழையவற்றை 2025 ஆகஸ்டில் கைவிட்டது. அச்சில் ஏறிய முகவரியை அழிரப்பர் கொண்டு அழிக்க முடியாது. 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சானது உனக்கு நினைவிருக்கும். அப்படி ஒன்றை அச்சிடும்போது, அது உன் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் முகவரியைக் காட்டட்டும். அங்கிருந்து வேறெங்கே வேண்டுமானாலும் திருப்பிவிடலாம், நாளை இடம் மாறினாலும் பழைய தாள் பிழைக்கும். பிறர் பக்கங்களைச் சுட்டினால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் ஒரு நகலைச் சேமித்து, அந்த முகவரியையும் குறித்து வை.

11. சோதிக்கும் வேலையை வேறொருவர் கையில் கொடு. விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு, ஓர் ஐபோன், ஒரு மேசைக் கணினி. வாட்ஸ்அப்பிலிருந்து ஒருமுறை, மின்னஞ்சலின் முன்னோட்டத்திலிருந்து ஒருமுறை திறக்கச் சொல். சில முன்னோட்டச் செயலிகளில் இணைப்பு வெறும் படமாகவே நிற்கும். அலுவலக வைஃபையை அணைத்துவிட்டுச் சோதிக்கச் சொல், உள்வலையில் மட்டும் திறக்கும் முகவரிகள் அப்போதுதான் பிடிபடும். அவர் தடுமாறும்போது நீ குறுக்கே பேசாதே. எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்.

12. இணைப்பு திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் நன்றி சொல். "எனக்குத் திறக்கிறதே" என்ற பதிலை நீ ஒரு நாளும் சொல்லக் கூடாது. அதைக் கேட்டவர் அடுத்த முறை சொல்ல வரமாட்டார். எந்தக் கைபேசி, எந்தச் செயலியில் திறந்தார் என்று கேள். மூலக் கோப்பில் திருத்தி, மறுபடி பிடிஎஃப் ஆக்கி, பழைய முகவரியிலேயே ஏற்று. கூகுள் டிரைவில் பதிப்புகளை நிர்வகிக்கும் வசதி வழியாகப் புதிய கோப்பை ஏற்றினால் முகவரி மாறாது. ஏற்கெனவே கொடுத்த இணைப்பை வைத்திருக்கும் எல்லோருக்கும் திருத்தியதே திறக்கும். பிறகு சொன்னவருக்கே முதலில் தெரியப்படுத்து.