தலாக்கிற்குப் பின் நபகா: கணக்கிடும் முறை

தலாக்கினால் முறிவது கணவன் மனைவி உறவுதான். தகப்பன் பிள்ளை உறவன்று. தாயிடம் வளரும் பிள்ளையின் உணவு, உடை, படிப்பு, மருந்து யாவும் தகப்பனின் கடமையே.

மீட்டுக்கொள்ளத்தக்க தலாக்கில் இத்தா முடியும்வரை மனைவிக்கு உணவும் உடையும் இருப்பிடமும் உண்டு. கர்ப்பிணிக்குப் பிரசவம்வரை உண்டு. மஹர் பாக்கி இருந்தால் அது கடனாகும்.

எவ்வளவு கொடுப்பது? அவரவர் வசதிக்கேற்ப என்பது திருக்குர்ஆன் 65:7 வசனத்தின் கட்டளை. நம் கரையோர ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் மனைவியின் தினசரி உணவு, செல்வந்தர் மீது 2 முத்து அளவு தானியம். நடுத்தரத்தார் மீது ஒன்றரை. ஏழை மீது 1. பிள்ளைக்கோ, போதுமான அளவு.

வசதியைக் கணிப்பதில்தான் தவறு நேர்கிறது. மண்டபம், பாம்பன் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடலுக்குப் போவதில்லை. அந்நாளின் வெறுங்கையைக் காட்டிப் பிள்ளையின் பங்கைக் குறைக்கலாகாது. நல்ல மீன்பாடு கிடைத்த மாதத்தை மட்டும் வைத்துத் தகப்பனை நெருக்குவதும் நீதியன்று. ஆண்டு முழுவதையும் கூட்டுக. 10 மாதம் 18,000 ரூபாய் வீதம் ஈட்டினால் மொத்தம் 1,80,000; பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,000. பேச்சு இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாட்டின் சட்டத்தையும் அறிந்திருங்கள். பிள்ளையின் ஜீவனாம்ச உரிமையை 1997இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. இத்தாவுக்குப் பிந்திய வாழ்வுக்கும் நியாயமான ஏற்பாட்டை இத்தாவுக்குள்ளேயே செய்துவிட வேண்டுமென 2001இல் தீர்ப்பளித்தது.

ஜமாஅத்தில் பேசி முடித்த தொகையை எழுத்தில் வையுங்கள். பசித்த பிள்ளை கணக்குக் கேட்காது; அல்லாஹ் கேட்பான்.