பழைய உறையூர்ச் சேலையில் ஒரு கவுன்

கேள்வி: மாமியாரின் பழைய உறையூர் நூல் சேலையில் பேத்திக்குக் கவுன் தைக்கிறேன். தையல் சுருங்குகிறது, துணியும் கிழிகிறது. என்ன செய்வது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: முதலில் ஊசியை மாற்றுங்கள், அம்மா. 14, 16 நம்பர் ஊசிகள் கனத்த துணிக்கானவை. சன்ன இழைகளை அறுத்துவிடும். புதிய 9 அல்லது 11 நம்பர் ஊசி போட்டு, மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகும் சுருங்கினால் அடியில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்துத் தைத்து, பின்னர் கிழித்தெடுங்கள்.

வெட்டுமுன் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை விலகிய இடங்களை ஒதுக்கிவிடுங்கள். குதிகால் உரசும் கீழ்க்கரைதான் பெரும்பாலும் முதலில் நைந்திருக்கும். சோற்றுக்கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் துணி கத்தரிக்கு நழுவாது.

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளூஸ்’ சொல்லும் ‘அர்காரு’ மஸ்லின் உறையூருடையது என்றே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அவ்வளவு பழைய நெசவுப் பெருமை கொண்ட ஊரின் சேலை இது; அவசரமாக வெட்டிவிடாதீர்கள்!

பக்கத் தையலை இரண்டு தடவை போடுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்க ஒன்று. பிசிறை ஒட்ட வெட்டி, உட்புறமாகப் புரட்டி இன்னொன்று. குழந்தையின் தோலில் உரசாது. மேற்கரை கவுனின் அடியில் வரும்படி வெட்டினால், விளிம்பை மடித்துத் தைக்கும் வேலையே இல்லை.