பாட்டி சொல்லும் மழையும் பதிவேடு சொல்லும் மழையும்

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரு வாக்குவாதம் வரும். இந்த ஆண்டு மழைதான் பெரிது என்பான் ஒருவன். 2015-ஐ மிஞ்ச ஒன்றுமில்லை என்பாள் இன்னொருத்தி. "எங்க ஆயா பொறந்ததுல இருந்து இப்படிப் பாத்ததே இல்லையாம் சார்" என்று மூன்றாவது குரல் வரும். தொலைக்காட்சியும் தன் பங்குக்கு 'வரலாறு காணாத மழை' என்று ஓடவிடும். அந்த 'வரலாறு' எத்தனை ஆண்டு, எந்த இடத்தில் அளந்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டால் புள்ளியியல், அளவைகள், புவியியல் மூன்றையும் ஒரே பருவத்தில் நடத்திவிடலாம். சடையங்குப்பத்தில் நான் நடத்திப் பார்த்ததைப் பகிர்கிறேன்.

சென்னைக்கு இந்த வகையில் ஒரு பேறு உண்டு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைந்தது. 1813 முதல் நகரின் மழைக் கணக்கு கிடைக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியதே 1875-ல்தான். இதைச் சொன்னவுடன் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

முதலில் ஒரு நாள் மழை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது சுமார் 29 செ.மீ. அதே கணக்கில் தாம்பரத்தில் 49 செ.மீ. இப்போது 1976 நவம்பர் 25-ஐ எடுத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்தில் 45 செ.மீ. வகுப்பு அமைதியாகிவிடும். 2015 முதலிடம் இல்லையா? அடுத்து மாத மழை. 2015 நவம்பரில் சுமார் 105 செ.மீ. ஆனால் 1918 நவம்பரில் சுமார் 109 செ.மீ. 2005 அக்டோபரும் 2021 நவம்பரும்கூட 100 செ.மீ. தாண்டியவை. ஆக, 'எது பெரிய மழை' என்ற கேள்விக்கு, 'ஒரு நாளிலா, ஒரு மாதத்திலா, ஒரு பருவத்திலா, எந்த இடத்தில்' என்று திருப்பிக் கேட்க மாணவர்கள் பழகுகிறார்கள்.

பனி பொழியும் நகரங்களிலும் இதே வாக்குவாதம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2014-15 குளிர்காலப் பனிப்பொழிவு 110.6 அங்குலம். அதற்கு முந்தைய உச்சம் 1995-96-ல் 107.6 அங்குலம். மூன்றே அங்குல வித்தியாசத்தில் இருபது ஆண்டுச் சாதனை விழுந்தது. செ.மீ.க்கு மாற்றச் சொன்னால் சுமார் 281, 273 என்று போட்டுவிடுவார்கள். ஆண்டை ஏன் 2014-15 என்று இரட்டையாக எழுதுகிறார்கள் என்பதுதான் நல்ல கேள்வி. குளிர்காலம் டிசம்பர் 31-ல் நிற்பதில்லையே. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று வகுத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஜனவரியில் கொட்டும் மழை பருவக் கணக்கில் சேராது.

சராசரிக்கு வருவோம். ஐந்து ஆண்டு மழை 60, 70, 75, 80, 165 செ.மீ. என்று கற்பனையாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். சராசரி 90. இடைநிலை அளவு 75. ஒரே ஒரு பேய்மழை ஆண்டு சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஐந்தில் நான்கு ஆண்டுகள் 'சராசரிக்கும் குறைவு' ஆகிவிட்டதே என்று பின்பெஞ்சிலிருந்து வந்த குரல் எனக்கு மகிழ்ச்சி தந்தது. பாடநூலின் வரையறையை மூன்று முறை எழுதவைத்தாலும் இது வராது.

மில்லிமீட்டர் என்றால் என்ன என்பதை உணரவைக்க ஒரே வழி லிட்டர்தான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தில் 29 செ.மீ. பெய்தால்? 1,74,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 14 வந்து ஊற்றினாலும் மீதம் இருக்கும். குடத்தோடு லாரிக்காக நின்ற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரிகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ஆயா சொன்னது. 1976-ல் இதைவிட அதிகம் பெய்திருக்கிறது என்று பதிவேடு சொல்கிறது; ஆயா தன் வீட்டில் இவ்வளவு தண்ணீர் வந்ததில்லை என்கிறார். யார் சொல்வது சரி? இருவருமே. பதிவேடு அளப்பது நுங்கம்பாக்கத்து வானத்தை. ஆயா அளப்பது சடையங்குப்பத்துத் தரையை.

புழல் ஏரி திறக்கப்படும்போது வரும் எச்சரிக்கையைப் படிக்கவைத்தேன். வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். அந்த வரிசையின் கடைசியில் நாங்கள். இன்னொரு பக்கம் பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலையாறு. சித்தூர், திருத்தணிப் பக்கம் பெய்த மழையும் எங்களைக் கடந்துதான் எண்ணூரில் கடல் சேர வேண்டும். 2021 நவம்பரில் மணலி புதுநகர்ப் பகுதிக்குள் புகுந்தது பூண்டி உபரிநீர்தான். விநாடிக்கு 1,000 கன அடி என்று செய்தியில் வருவதை லாரிக் கணக்குக்கு மாற்றினால், நொடிக்கு இரண்டு லாரிக்கும் மேல். வெயில் அடிக்கும் நாளிலும் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறலாம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. கடலில் ஓதம் ஏறியிருந்தால் வடியவும் நேரமாகும்.

ஆகவே இரண்டாவது பதிவேடு ஒன்றைத் தொடங்கினோம்: வெள்ளக்கோடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தைச் சுற்றி எண்ணெய் கலந்த வெள்ளம் பரவியதல்லவா, அது சுவர்களில் கறுப்புக் கோடாக நின்றது. வெள்ளையடித்தும் சில இடங்களில் போகவில்லை. வருத்தமான விஷயம், ஆனால் அளக்க வசதியானது. தரையிலிருந்து அளந்தால் வீட்டுக்கு வீடு மாறும். ஒன்று மேடு, ஒன்று பள்ளம். அதனால் கொத்தனார் பயன்படுத்தும் ட்யூப் லெவலைக் கடன் வாங்கி, பள்ளி வாசற்படியை அடிமட்டமாக வைத்து எல்லாக் கோடுகளையும் அதோடு ஒப்பிட்டோம். ட்யூபைப் பிடித்துக் காட்டியது ஒரு மாணவனின் அப்பா. அன்று அவர்தான் ஆசிரியர்.

மழைமானியும் செய்தோம். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை அறுத்துக் கவிழ்த்தால் புனல். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்குமாதலால், அது மறையும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழியம் குறிக்க வேண்டும். தினமும் காலை 8.30-க்கு அளவு, அந்த நாளின் தேதியில்தான் எழுத வேண்டும், முந்தைய நாளில் அல்ல. 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் துறையின் கணக்கில் அது மழைநாளே இல்லை என்றதும் ஒரே சிரிப்பு.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பெருமழை பெய்யும் நாளில் பள்ளிக்கு விடுமுறை. பதிவேட்டில் அந்த நாள்களே காலியாகிவிடும். இப்போது மழைமானி பள்ளிக்கு எதிர்வீட்டு மாணவியின் மொட்டைமாடியில் இருக்கிறது. விடுமுறை அறிவிப்பு வந்தாலும் 8.30-க்கு அவளிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்துவிடுகிறது. பாட்டில் நிரம்பி வழிந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அருகில் இன்னொரு பாட்டில் வைத்திருக்கிறோம்.